ஐந்து நாள், இரண்டு கதவு

இத்தாலி வரைபடம் கார் பானட்டின் மேல் விரிந்து கிடந்தது. வெனிஸ் நகரத்தின் நடு நெஞ்சில் ஒரு ஸ்க்ரூடிரைவர் குத்திட்டு நின்றது.

பானட் ஒரு பல் டாக்டருடையது. ஒடுக்கு எடுத்து, பட்டி பார்த்து, அன்று காலையில்தான் பெயிண்ட் காய்ந்திருந்தது.

"டாக்டர் கேட்டா என்னங்க சொல்றது?" என்றாள் பெயிண்டர்.

"பல்லுல ஓட்டை விழுந்தா அவர் என்ன பண்றாரு? அடைக்கிறாருல்ல? நீயும் அடை" என்று சொல்லிச் சிரித்தான் மேஸ்திரி.

மேஸ்திரி சிரித்தால் பட்டறையில் எல்லோரும் சிரித்தாக வேண்டும். பெயிண்டர் சிரித்தாள். மேஸ்திரியின் தம்பி சுருட்டை மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய கீழ் உதடு கிழிந்து ரத்தம் முகவாயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் 'ஜெனோவா' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னதற்குக் கிடைத்த கூலி அது.

பரிசு வந்தால் வீட்டில் சந்தோஷம் வரும் என்பார்கள். இந்த வீட்டில் போன வாரம் பரிசு வந்ததிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு கூட அடிதடி இல்லாமல் முடியவில்லை. அதிகமாகப் பெயிண்ட் வாங்கிய பட்டறை என்று கம்பெனி மூன்று பேரை இத்தாலிக்கு அனுப்புகிறது. மொத்தம் ஐந்து நாள். மிலானில் இறங்கி மிலானிலேயே திரும்ப விமானம் ஏற வேண்டும். நடுவில் எந்தெந்த ஊர், எங்கே எத்தனை நாள் என்பதை இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். கம்பெனிக்காரர் காலையிலேயே போன் செய்து நச்சரித்துவிட்டார்.

"வெனிஸ் ரெண்டு நாள். பந்தயக் கார் செய்யற ஊர் மூணு நாள். முடிஞ்சுது" என்றான் மேஸ்திரி.

"அண்ணே, மூணு நாள் கார் பார்க்கவா அவ்வளவு தூரம் போறோம்? இங்கயே தினம் கார்தானே பார்க்கறோம்?"

"இங்க நீ பார்க்கறது அடிபட்ட கார்டா. அங்க இருக்கறது அடிபடாத கார்."

"கார் ரெண்டு நாள் வச்சுக்குங்க. வெனிஸ் ஒரு நாள். ஜெனோவா ரெண்டு நாள். பெரிய துறைமுகம் அண்ணே. கப்பல் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை."

"உனக்கா? குளத்துல இறங்கச் சொன்னாலே அழுவியேடா நீ?"

சுருட்டை ரத்தத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். பெயிண்டர் குனிந்து உப்புத்தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவள் முகத்தை மேஸ்திரி பார்த்துவிடக் கூடாது.

பெயிண்டர் என்பது அவள் தொழில். மேஸ்திரியைக் கட்டிக்கொண்டு இந்தப் பட்டறைக்கு மருமகளாக வந்த பிறகு அதுவே பெயராகிவிட்டது. ஜெனோவாவில் இருப்பது அவளுடைய அக்கா.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், மேஸ்திரி பெல்ட்டைக் கழற்றியபோது விருந்துக்கு வந்திருந்த அக்கா குறுக்கே வந்து நின்றாள். அவளுடைய மணிக்கட்டை முறித்துவிட்டுத்தான் அவன் ஓய்ந்தான். "இனிமே இவகூட நீ ஒரு வார்த்தை பேசினா, ரெண்டு பேரையும் ஒரே குழியில போடுவேன்" என்றான். அவன் சொன்னதைச் செய்கிறவன். அக்கா பிழைக்க வெளிநாடு போனாள். அந்த மத்தியானம் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்தி உட்கார்ந்திருந்த சுருட்டைதான், இப்போது தன் போனில் அக்காவின் குரலை அண்ணிக்குக் கேட்கவைக்கிறான்.

அக்காவின் திட்டம் எளிமையானது. "துறைமுகத்துக்கு மேல மேட்டுத் தெரு. மீன் கடைக்கு மாடியில என் ரூம். முதல் நாள் அவனோட நல்லா ஊர் சுத்து. ரெண்டாவது நாள் ரொட்டி வாங்கப் போறேன்னு இறங்கி வா. திரும்பிப் போகாத. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

வெனிஸில் அவளுக்கு வேலை இல்லை. ஜெனோவாவில் இரண்டு நாள் கிடைத்தால் அவள் பிழைப்பாள். கிடைக்காவிட்டால் இந்தப் பட்டறை, இந்த பெல்ட்.

"சரி" என்றான் மேஸ்திரி, பானட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கியபடி. "வாய் வளர்க்காத. கதவு போடு."

* * *

கதவு போடுவது என்பது இந்தக் குடும்பத்தின் பஞ்சாயத்து.

சின்ன வயதில் சண்டை முற்றி, அண்ணன் தம்பியின் காதுமடலைக் கடித்துத் துப்பிய அன்றைக்கு அவர்களுடைய அப்பா கொண்டுவந்த சட்டம் அது. 'அடிக்கணும்னா தகரத்தை அடிங்கடா' என்றார் அவர். கழித்துப்போட்ட இரண்டு கார் கதவுகள். இரண்டிலும் ஒரே மாதிரி ஒடுக்கு விழ ஆளுக்கு ஓர் உதை. காற்றடைக்கும் கம்ப்ரஸர் தொட்டியைக் காலி செய்துவிட்டு மோட்டாரைப் போடுவார்கள். தொட்டி நிறைந்து மோட்டார் தானாக நிற்கும்வரை நேரம். அதற்குள் எவன் கதவு சமமாகிறதோ அவன் சொன்னதே தீர்ப்பு.

தீர்ப்புச் சொல்வது பெயிண்டரின் உள்ளங்கை. கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு கதவையும் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம்கூட அவள் கைக்குத் தெரியும். "என் பொண்டாட்டி வாய் பொய் சொல்லும், கை சொல்லாது" என்று வாடிக்கையாளர்களிடம் மேஸ்திரி பெருமையடித்துக்கொள்வான். அவளைப் பற்றி அவன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

மேஸ்திரியே இரண்டு கதவையும் உதைத்தான்.

"அண்ணே, என் கதவுக்கு ரெண்டு உதை விட்டீங்க!"

"கால் வழுக்கிடுச்சுடா. மோட்டாரைப் போடு."

பெயிண்டர் பெயிண்ட் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மோட்டார் உறுமியது. சுத்தியல்கள் ஆரம்பித்தன.

பார்க்கத் தேவையே இல்லை. மேஸ்திரியின் அடி எண்ணி விழும். ஓர் அடி, ஒரு நிறுத்தம், அடுத்த அடி. தகரத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டையின் மேல் சரியாக வந்து உட்காரும். மனிதர்களை அடிக்கும்போதும் அவன் அப்படித்தான், அவசரப்படமாட்டான். சுருட்டையின் அடி மழை மாதிரி படபடவென்று விழுந்தது. மெதுவா, மெதுவா என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். நிறைய அடித்தால் தகரம் இழுபட்டுத் தளர்ந்துவிடும், அப்புறம் எந்தக் கொம்பனாலும் அதை நிமிர்த்த முடியாது.

மோட்டார் நின்றது.

"வா" என்றான் மேஸ்திரி.

துணியால் கண்ணைக் கட்டி அவளை நடத்திக்கொண்டு போய்க் கதவுகளின் முன்னால் நிறுத்தினார்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. யார் கதவு எது என்று அவளுக்குத் தெரியாதாம். தகரத்தைத் தொட்ட மாத்திரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, எப்போதும் போல.

இடது கதவில் கை வழுக்கிக்கொண்டு போனது. தடங்கலே இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

வலது கதவில் கைப்பிடிக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பள்ளம். அதைச் சுற்றித் தகரம் தளர்ந்து, விரலால் அழுத்தினால் டப்பா மூடி மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. சுருட்டை தோற்றுவிட்டான்.

இரண்டு பேரும் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. சுருட்டையின் மூச்சில் ரத்தம் கொப்புளித்தது. அவள் மறுபடி ஒரு தரம் இடது கதவைத் தடவினாள். அக்காவின் குரல் ஞாபகம் வந்தது. 'ரொட்டி வாங்கப் போறேன்னு இறங்கி வா.'

"வலது" என்றாள்.

கண்கட்டை அவிழ்க்க யாரும் வரவில்லை. அவளே அவிழ்த்தாள்.

மேஸ்திரி அவளைப் பார்க்கவில்லை. கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் கதவைத் தானே ஒரு தரம் தடவினான். பிறகு மூலையிலிருந்த டியூப் லைட்டை ஒயரோடு இழுத்துவந்து வலது கதவின் மேல் சாய்த்துப் பிடித்தான். பளபளப்பான பழைய பெயிண்டில் விளக்கு ஒரு வெள்ளைக் கோடாக விழுந்தது. கைப்பிடிக்குக் கீழே வந்ததும் அந்தக் கோடு நெளிந்து, உடைந்து, மறுபடி ஒட்டியது. விளக்கை இடது கதவுக்கு நகர்த்தினான். கோடு நேராக ஓடியது.

"ஒரு நாளும் தப்பா சொன்னதில்லையே நீ" என்றான். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"கை... கை மரத்துப்போச்சுங்க."

"அப்படியா?" விளக்கை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். "ஜெனோவாவுல என்னடி இருக்கு?"

* * *

"அண்ணே, கப்பல்தான்..." என்று சுருட்டை வாயைத் திறந்தான்.

டியூப் லைட் அவன் தலையில் வெடித்தது. கண்ணாடித் தூள் மாவு மாதிரி பறந்தது. சுருட்டை முட்டிபோட்டு விழுந்தான். விழுந்தவனின் விலாவில் மேஸ்திரியின் ஷூ இறங்கியது. ஓர் அடி, ஒரு நிறுத்தம், அடுத்த அடி.

"போனை எடு. உனக்கு எவ போன் பண்றான்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? தினம் மத்தியானம் கக்கூஸுக்குள்ள யார்கூடடா பேசறே?"

சுருட்டை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். மேஸ்திரி கை நீட்டினான். சுருட்டை அவன் கையைப் பார்த்தான், பக்கத்திலிருந்த, பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாளியைப் பார்த்தான். போன் பொளக்கென்று வாளிக்குள் விழுந்தது.

"ஐயோ, வழுக்கிடுச்சு" என்றான் சுருட்டை, ரத்தப் பல்லைக் காட்டி.

மேஸ்திரி அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, தோற்ற கதவின் மேலேயே முகத்தை மோதினான். மறுபடியும் மோதினான். தகரம் ஒவ்வொரு தடவையும் டப், டப் என்றது.

பெயிண்டர் யோசிக்கவில்லை. கையில் கிடைத்தது ஸ்ப்ரே கன். தொட்டி நிறையக் காற்று இருந்தது, குவளை நிறைய அடிப்பூச்சுக்கான சிவப்புப் பிரைமர் இருந்தது. அவன் முகத்துக்கு நேரே வைத்து விசையை இழுத்தாள்.

அவன் மாடு மாதிரி அலறினான். சிவப்பு முகமும், திறக்க முடியாத கண்களுமாக இரண்டு கையையும் வீசினான். ஒரு கை அவள் கன்னத்தில் பட்டது, அவள் பெஞ்சில் போய் விழுந்தாள். இன்னொரு கைக்கு அவள் பின்னல் அகப்பட்டது. அவ்வளவுதான். கண் தெரியாவிட்டாலும் பட்டறை அவனுக்கு அத்துப்படி. பின்னலைப் பிடித்துத் தரையோடு அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பெயிண்ட் அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டு, அந்த அறை விசிறியின் சுவிட்சையும் தட்டினான்.

"உள்ளயே கிட. உன்கிட்ட அப்புறம் வர்றேன்."

பெயிண்ட் அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். அவன் வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவியதை. ஒரு கண்ணைத் திறந்ததை. தம்பியைக் காலைப் பிடித்து இழுத்து வந்து பெஞ்சோரம் உட்காரவைத்ததை. தம்பியின் இடது கை விரல்களை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் வாய்க்குள் வைத்ததை.

வைஸின் கைப்பிடி சுற்றியது.

காற்றை வெளியேற்றும் விசிறி அவள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சுருட்டையின் வாய் மட்டும் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தலையை 'இல்லை' என்று ஆட்டினான். கைப்பிடி இன்னொரு சுற்றுச் சுற்றியது.

அவள் கண்ணாடியைக் குத்தினாள். கை வீங்கியதே தவிர, கண்ணாடி அசையவில்லை. "சொல்லிடு!" என்று கத்தினாள். "சொல்லிடு, சுருட்டை! சொல்லித் தொலை!" அவளுடைய கத்தலும் விசிறியில் கரைந்தது. பிரைமர் டின்னைத் தூக்கி வீசினாள். கண்ணாடியில் விரிசல் ஓடியது. இன்னொரு டின். விரிசலுக்குள் முழங்கையைக் கொடுத்து உடைத்தாள். ரத்தம் விரல் நுனி வரைக்கும் ஓடி வந்தது. ஜன்னலைத் தாண்டி வெளியே குதித்தபோது விசிறியின் இரைச்சல் பின்னால் போய், சுருட்டையின் குரல் காதில் விழுந்தது.

அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மேஸ்திரி குனிந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான், நல்ல அண்ணன் மாதிரி.

"அவ்வளவுதானேடா" என்றான் கடைசியில். "இதை முதல்லயே சொல்லியிருந்தா விரல் மிச்சமாயிருக்கும்ல?"

வைஸைத் தளர்த்தினான். சுருட்டை மூட்டை மாதிரி சரிந்தான்.

* * *

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்தான். ஒரு கண் சிவந்து மூடியிருந்தது. இன்னொரு கண்ணால் போனில் எண்ணைத் தேடி அழுத்தினான்.

"வணக்கம் சார், மேஸ்திரிதான் பேசறேன். முடிவு பண்ணிட்டோம் சார்... ஆமாம்... இல்ல, வெனிஸ் வேணாம். கார் ஊரும் வேணாம். அஞ்சு நாளும் ஜெனோவா... ஆமாம் சார், அஞ்சு நாளும்... சம்சாரத்துக்குக் கடல்னா உயிரு சார்."

அவளைப் பார்த்துச் சிரித்தான். பல்லிடுக்கில் சிவப்புப் பிரைமர்.

"இன்னொண்ணு சார். டிக்கெட் ரெண்டு போதும். தம்பி வரல. பட்டறையில வழுக்கி விழுந்துட்டான்... ஐயோ, பெரிசா ஒண்ணும் இல்ல சார். வச்சிடறேன்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு அவள் அருகில் வந்தான். அவள் முழங்கையிலிருந்து சொட்டிய ரத்தத்தைப் பார்த்தான். தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அதில் சுற்றி, இறுக்கிக் கட்டினான். அடித்த பிறகு மருந்து போடுவதும் அவன்தான், எப்போதும்.

"உங்கக்காவை நானும் பார்த்து ரொம்ப நாளாச்சு. கை எப்படி இருக்குன்னு விசாரிக்கணும்ல?" கட்டின் முடிச்சை இழுத்தான். "ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாடி, சைக்கிள் கடைக்கு மேல, மூணாவது மாடி. சரிதானே?"

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை.

ரயில்வே ஸ்டேஷனா? சைக்கிள் கடையா? அக்கா இருப்பது துறைமுகத்துக்கு மேலே, மீன் கடை மாடியில். அது சுருட்டைக்கும் தெரியும். போன வாரம்கூட மீன் வாடை பற்றி அக்கா புலம்பியதைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

தரையில் கிடந்த சுருட்டையைப் பார்த்தாள். அவன் இவளைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தான். மூன்று விரல்கள் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. அந்த மூன்று விரலையும் கொடுத்துவிட்டு அவன் ஒரு பொய்யை வாங்கியிருந்தான்.

மேஸ்திரியின் ஒற்றைக் கண் அவள் முகத்தில் ஊர்ந்தது. டியூப் லைட்டைக் கதவில் சாய்த்தது போலவே பார்த்தான், கோடு எங்கே நெளிகிறது என்று.

'ஆமாம்' என்றால் நம்பமாட்டான். அவளிடமிருந்து சுலபமாக வந்த எதையும் அவன் நம்பியதில்லை. அடித்து வாங்கியதைத்தான் நம்புவான்.

தொப்பென்று அவன் காலில் விழுந்தாள்.

"வேணாங்க! அங்க போகாதீங்க! அக்காவை விட்டுடுங்க! அந்த சைக்கிள் கடைக்காரர் நல்லவருங்க, அவருக்கு முன்னாடி அவளை அசிங்கப்படுத்தாதீங்க! என்னை என்ன வேணா பண்ணுங்க! மூணு மாடி இறங்கி அவளால ஓடக்கூட முடியாதுங்க!"

அழுகை நிஜம். அதை அவள் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

கண்ணைத் திறக்காமல் ஷூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கிடந்தாள். ஷூ அவள் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டது.

"எழுந்து முகத்தைக் கழுவு" என்றான் மேஸ்திரி. குரலில் திருப்தி இருந்தது. "பல் டாக்டர் வர்ற நேரம். அந்த பானட் ஓட்டையை அடை. நான் இவனை ஆஸ்பத்திரியில போட்டுட்டு வர்றேன்."

தம்பியை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வேனுக்கு நடத்திக்கொண்டு போனான். வாசலைத் தாண்டும்போது சுருட்டை ஒரே ஒரு தரம் திரும்பினான். முகம் முழுக்க ரத்தமாக இருந்ததால் அவன் சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை.

வேன் கிளம்பிய சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. பெயிண்டர் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

அக்காவிடம் சொல்லப் போன் இல்லை. அக்காவின் எண் அந்தப் போனோடு தின்னரில் ஊறிக்கொண்டிருந்தது. கூட வர இனி சுருட்டையும் இல்லை. ஊர் தெரியாது, மொழி தெரியாது. துறைமுகம், மேட்டுத் தெரு, மீன் கடை, அவ்வளவுதான் தெரியும்.

இறங்கிய அன்றே அவன் அந்த ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் போவான். சைக்கிள் கடை இருக்காது. அப்புறம் அவள் பக்கம் திரும்புவான். அவன் அங்கே தேடிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் அவள் மேட்டுத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

அவள் கேட்டது இரண்டு நாள். கிடைத்தது ஐந்து. அதில் முதல் நாள் மட்டும்தான் அவளுடையது.